இவருக்கு அந்தக் கால்கள் எப்படி வந்தன

முதலில் என் கண்ணில் பட்டது சப்பாத்து.

என் கணவர் கனடாவில், ஸ்காபரோவில் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடங்கள் வேலை பார்த்தவர். விடிய ஆறு மணிக்குப் போனால் பின்னேரம் நாலரைக்குத்தான் வருவார். எனக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பின்னேர வேலை. இரண்டு மணிக்கு வெளிக்கிடுவேன். நான் திரும்பும்போது இவர் படுத்திருப்பார். டோர்செட் பார்க் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, கிழமை நாட்களில் நாங்கள் ஒருவரையொருவர் காண்பதே குறைவு. இவர் விட்டுவிட்டுப் போகும் பொருட்களோடுதான் எனக்குப் பழக்கம். குளியலறையில் ஈரத் துவாய், மேசையில் பாதி மடித்த பத்திரிகை, கதவடியில் வேலைச் சப்பாத்து. அந்தச் சப்பாத்தின் அடியில் எப்போதும் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். வருடக்கணக்காக அதைக் கூட்டி அள்ளியவள் நான்.

பனிக்காலம் முழுக்க அதில் பனியும் தெருவில் போடும் உப்பும்தான் ஒட்டியிருந்தன. பனி கரையத் தொடங்கிய நாட்களில் ஒருநாள் அதைத் தூக்கித் தட்டினேன். இரும்புத் தூள் இல்லை. களிமண் உதிர்ந்தது. களிமண்ணுக்குள் ஒரு காய்ந்த இலை.

கார்த் தரிப்பிடத்தில் மிதித்திருப்பார் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாளும் களிமண். மூன்றாம் நாள் சப்பாத்து கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடங்களில் இவர் தன் சப்பாத்தைக் கழுவி நான் கண்டதில்லை.

நான் சந்தேகம் பிடித்தவள். அதை ஒளிக்கத் தேவையில்லை. கனடாவுக்கு வர முன்னர், யுத்த நாட்களில், கொழும்பில் ஒரு லொட்ஜில் பதினான்கு மாதங்கள் இருந்தேன். கதவைத் தட்டுவது யார், பக்கத்து அறைக்காரர் இன்றைக்கு மட்டும் ஏன் என்னைப் பார்த்துச் சிரித்தார் என்று யோசித்தே அந்தக் காலம் போனது. பிறகு இங்கே சென் ஜேம்ஸ் ரவுணில் முதன்முதலாக அறை எடுத்தபோது, வந்த கிழமையே பூட்டை மாற்றினேன். அடுத்த மாதம் இன்னொரு தரம் மாற்றினேன். இன்றைக்கும் லிப்டில் என்னோடு ஏறும் ஆள் எந்த மாடிப் பொத்தானை அழுத்துகிறார் என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

ஆகவே கவனிக்கத் தொடங்கினேன். இவருடைய சட்டையில் எண்ணெய் மணம் இல்லை. காற்சட்டையின் கால்மடிப்பில் ஒட்டுமுள் விதைகள். வயிறு வற்றி, பெல்ட்டில் ஆணியால் குத்திய இரண்டு புதுத் துளைகள். ஏப்ரலில் கழுத்தின் பின்பக்கம் கறுத்துவிட்டது. யன்னல் இல்லாத கட்டடத்துக்குள் நாள் முழுக்க நிற்கும் மனிதனுக்கு வெயில் எங்கிருந்து படும்?

ஒரு சனிக்கிழமை நேரே கேட்டேன். "வேலையில என்ன புதினம்?"

"ஒண்டுமில்லை. வேறை பகுதிக்கு மாத்திப்போட்டாங்கள்."

"எந்தப் பகுதி?"

"ஷிப்பிங். வெளியில லொறியடியில நிக்கிற வேலை."

பதில் உடனே வந்தது. இவர் அப்படி உடனே பதில் சொல்கிற ஆள் இல்லை. எதைக் கேட்டாலும் ஒரு "ம்" போட்டுவிட்டுத்தான் தொடங்குவார். இந்தப் பதிலை முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறார் என்று பட்டது. ஒரு பெண்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். பூங்காவில் சந்திக்கிற பெண். வயிறில்லாத கணவனை விரும்பும் பெண்.

மே மாதத்தில் மகள் தொலைபேசி எடுத்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. இருபத்தாறு வயது, நகருக்குள் தனியாக வீடெடுத்து இருக்கிறாள். ஜூனில் பெரு நாட்டுக்குப் போய், அந்தீஸ் மலையில் ஐந்து நாள் நடந்து, சொக்கேகிராவ் என்ற இன்கா காலத்து இடிபாடுகளைப் பார்க்க அவளும் சிநேகிதியும் ஏற்பாடு செய்திருந்தார்கள். எல்லோரும் போகும் பிரபலமான இடம் அல்ல இது. ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஒரு பள்ளத்தாக்கின் அடிமட்டம் வரை இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபக்கம் அதே அளவு ஏற வேண்டும். திரும்பி வருவதும் அதே வழி. சிநேகிதிக்குக் கால் முறிந்துவிட்டது, அவளுடைய இடம் சும்மா கிடக்கிறது என்றாள்.

"அப்பாவைக் கேக்கலாம் எண்டு யோசிச்சன்."

"அப்பாவையோ?"

"ஏன், அப்பா வில் பி ஃபைன்."

தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. சோபாவில் இருந்த இவர் ஒரு "ம்" கூடப் போடவில்லை. "நான் வாறன்" என்றார்.

இதில் எனக்கு மூன்று கேள்விகள் இருந்தன. வயதில் ஒத்த சிநேகிதிகள் எத்தனை பேர் இருக்க, இவள் ஏன் ஐம்பத்தேழு வயது அப்பாவைக் கேட்கிறாள்? மேலே போகும் லிப்ட் பழுதென்றால் கீழேயே காத்து நிற்கிற மனிதர் மலை ஏறுவார் என்று இவளுக்கு யார் சொன்னது? என்னை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

"அப்ப நானும் வாறன்" என்றேன்.

மகள், "அம்மா, நீங்கள் மோலுக்குள்ள நடந்தாலே இருக்க இடம் தேடுவீங்கள்," என்றாள். இவர் என்னைப் பார்த்தார், பிறகு யன்னலைப் பார்த்தார். அந்தப் பார்வை போதும். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில் எங்கள் கட்டடத்தின் படிகளில் பதினோராம் மாடிக்கு ஏறி இறங்கினேன். முதல் நாள் நாலாம் மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். மூன்றாம் கிழமை நிற்காமல் மேலே போனேன். கோபத்தில் ஏறினால் படி தெரியாது.

*

குஸ்கோ நகரில் உயரத்துக்குப் பழக மூன்று நாட்கள் நின்றோம். பிறகு ஒரு வான் வண்டியில் நாலைந்து மணித்தியாலம் ஓடி, பாதை தொடங்கும் இடத்துக்கு வந்தோம். எங்கள் மூவரோடு வந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் ஆங்கிலம் பேசும் வழிகாட்டி, நாற்பது வயது இருக்கும். மற்றவர் கோவேறு கழுதைக்காரர். கூடாரம், சாப்பாடு, எங்கள் பைகள் எல்லாம் அவருடைய நாலு கழுதைகளில் ஏறின. நான் எங்கள் பைகளை ஒருதரம் எண்ணிப் பார்த்தேன். கழுதைக்காரர் அதைக் கண்டார். நான் எண்ணி முடிக்கும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாதையின் விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். அபூரிமாக் என்ற ஆறு எங்கோ பாதாளத்தில் ஒரு வெள்ளை நூலாகக் கிடந்தது. அதற்கு அப்பால் இதே உயரத்தில் இன்னொரு மலை. அந்த மலையின் தோளில் ஒரு பச்சைத் திட்டைக் காட்டி, "அதுதான்" என்றார் வழிகாட்டி. கையை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. அங்கே போக இரண்டு நாள் என்றார். நான் நம்பவில்லை. எதற்கு இரண்டு நாள், ஊரைச் சுற்றிக் கூட்டிப்போகிறாரோ என்று நினைத்தேன்.

வெளிக்கிட முன்னர் இவர் ஒரு கல்லில் குந்தி, சப்பாத்தைக் கழற்றிச் சின்னக் கால்விரல்களுக்குப் பிளாஸ்டர் சுற்றி, திரும்பவும் போட்டார். மேலே இருந்த இரண்டு துளைகளில் கயிற்றை வளையமாக விட்டு, குறுக்கே மாட்டி, குதிக்கால் அசையாதபடி இறுக்கிக் கட்டினார். இறங்கும்போது கால் முன்னுக்கு வழுக்கி விரல் அடிபடாமல் இருக்க அப்படிக் கட்டுவார்களாம்.

"உதெல்லாம் எங்கை பழகினனீங்கள்?"

"யூடியூப்பில."

"காட்டுங்கோ பாப்பம், எந்த வீடியோ?"

"இஞ்சை சிக்னல் இல்லை."

எனக்கும் அப்படியே கட்டிவிட்டார். குனிந்த தலையின் பின்னால் கறுத்த கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தக் கை எத்தனை தரம் இந்த முடிச்சைப் போட்டிருக்கிறது? தடுமாற்றமே இல்லை.

இறக்கம் முழுக்கத் தூசியும் உருளும் கற்களும். பாதை கோணல் மாணலாக முன்னும் பின்னும் மடிந்து மடிந்து இறங்கியது. ஒரு மணித்தியாலத்தில் என் முழங்கால்கள் நடுங்கத் தொடங்கின. வெயில் ஏற ஏறச் சூடு. கீழே போகப் போகக் காற்று நின்றுவிட்டது. எவ்வளவு தூரம் என்று கேட்கும் போதெல்லாம் வழிகாட்டி "இன்னும் அரை மணித்தியாலம்" என்றார். நாலு தரம் அதே அரை மணித்தியாலம். ஐந்தாம் தரம் நான் கேட்கவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தது இவரைத்தான். உடற்பயிற்சி நிலையத்துக்குப் போகும் மகளே வாயால் மூச்சு விட்டாள். இவர் மூக்கால் மூச்சு விட்டார். இரண்டு கைத்தடிகளையும் மாறி மாறி ஊன்றி, கல்லைப் பார்க்காமல் மூன்றடி தள்ளிப் பார்த்து நடந்தார். சட்டை கூடப் பெரிதாக நனையவில்லை. தாகம் வர முன்னரே தண்ணீர் குடித்தார். என்னோடு இருபத்தெட்டு வருடங்கள் வாழ்ந்த மனிதரின் நடை எனக்குத் தெரியும். இடது காலைக் கொஞ்சம் இழுத்து, கடைக்குப் போகும்போதும் மூன்று அடி பின்னால் வருவார். அந்த நடை எங்கே போனது?

பின்னேரம் ஆற்றங்கரை முகாமுக்கு வந்து சேர்ந்தபோது கடிக்கிற ஈக்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டன. நான் கூடாரத்துக்குள் விழுந்தேன். வெளியே இவரும் மகளும் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். நான் தலையை நீட்டியதும் மகள், "சூப் ரெடியாம் அம்மா," என்றாள். நான் சூப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை.

*

இரண்டாம் நாள் ஏற்றம். பாலத்தைக் கடந்ததும் தொடங்கியது, நிற்கவேயில்லை. ஒரு மடிப்பு ஏறி முடிந்தால் அதற்கு மேலே இன்னொரு மடிப்பு. நான் கடைசியில் வந்தேன். எனக்குப் பின்னால் வழிகாட்டி, என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு.

அந்த மாதிரிப் பாதையில் ஒரு விசேஷம் இருக்கிறது. நடையால் பார்த்தால் முன்னுக்குப் போனவர்கள் கால் மணித்தியாலம் தள்ளி இருப்பார்கள். ஆனால் பாதை மடிந்து வருவதால் சரியாக உங்கள் தலைக்கு மேலே நிற்பார்கள். அவர்கள் பேசுவது கல்லு விழுகிற மாதிரி நேரே உங்கள் காதில் விழும். காலை பத்து மணி இருக்கும். ஒரு வளைவில் தண்ணீர் குடிக்க நின்றேன். மேலே மகளின் குரல்.

"அப்பா, ஜஸ்ட் டெல் ஹர். அம்மாவுக்கு ஆல்ரெடி டவுட்."

"வீட்டை போய்ச் சொல்லுவம்."

"டூ மந்த்ஸா உதைத்தானே சொல்லுறீங்கள். என்னால அம்மாக்குப் பொய் சொல்லிக்கொண்டு இருக்க ஏலாது."

"இந்த மலையில வைச்சுச் சொன்னா அவ திரும்பித் தனிய நடந்து போயிடுவா. உனக்கு அவவைத் தெரியாது."

போத்தலை மூடினேன். வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் முகம் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். என் பின்னால் வராமல் அங்கேயே நின்றார். அந்த மடிப்பை நான் எப்படி ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. அடுத்த வளைவில், ஒரு முட்செடியின் சொற்ப நிழலில் இருவரும் நின்றார்கள். என்னைக் கண்டதும் மகள் தன் தொப்பியைக் கழற்றினாள்.

"ஆர் அவள்?" என்று கேட்டேன்.

"எவள்?" என்றார் இவர்.

"எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைக்காதேங்கோ. சப்பாத்தில மண். காற்சட்டையில முள்ளு. கழுத்தைக் கண்ணாடியில பாத்தனீங்களே? எந்தப் பார்க்கில வைச்சு அவளைச் சந்திக்கிறனீங்கள்?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தினாள். அப்படிப் பொத்தியபடியே அவளுடைய கண்கள் கலங்கின. இவர் சிரிக்கவில்லை. கைத்தடி இரண்டையும் மண்ணில் ஊன்றி, அவை விழாமல் நிற்கின்றனவா என்று பார்த்தார்.

"வேலை போயிட்டுது" என்றார்.

"எப்ப?"

"எட்டு மாசம்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. எட்டு மாதமாக ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு போன மனிதர் எங்கே போனார்?

"நடந்தனான்" என்றார். "முதல் நாள் ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு, எங்கடை பகுதியை மூடுறம் எண்டு சொல்லி, ஒரு காகிதத்தைத் தந்து அனுப்பிப்போட்டாங்கள். வீட்டை வர நினைச்சனான். நீர் வீட்டில இருப்பீர். ஏன், எப்பிடி, உங்களை மட்டும் ஏன் எண்டு கேப்பீர். எனக்கே தெரியாத கேள்விக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? வெக்ஸ்போர்ட் பக்கம், கரண்ட் கம்பிக்குக் கீழ ஒரு புல்லுப் பாதை போகுதெல்லே, அதில நடந்தனான். நாலரை மட்டும். அடுத்த நாளும் விடிய ஐஞ்சு மணிக்கு முழிப்பு வந்திட்டுது."

"பனிக்குள்ளயும்?"

"ஓம். பனிக்குள்ளயும்."

வேலை இழந்தவர்களுக்கு வரும் கொடுப்பனவு, சம்பளம் வந்த அதே கணக்குக்கே வந்திருக்கிறது. வங்கிக் கணக்கைப் பார்ப்பது இவர்தான். எனக்கு எப்படித் தெரியும்? ஏப்ரலில் மகள் டொன் பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓடும்போது, பாலமொன்றின் கீழ் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரைக் கடந்து போயிருக்கிறாள். கடந்துபோன பிறகுதான் அது அப்பா என்று பிடிபட்டு, திரும்பி வந்திருக்கிறாள்.

"ஹி மேட் மீ ப்ராமிஸ், அம்மா" என்றாள்.

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"அம்மா..."

"ஏப்ரலில இருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்ரை மேசையில இருந்து சாப்பிட்டனி."

இப்போது நினைத்தாலும் எனக்கு அந்த இடம்தான் நோகிறது. வேலை போவது நடக்கிற காரியம். கட்டடத்தில் எத்தனை பேருக்குப் போய் வந்திருக்கிறது. ஆனால் இரண்டு மாதமாக ஒரு குடும்பத்துக்குள் இரண்டு பேர் ஒரு பக்கம், நான் மறுபக்கம்.

"ஆயிரம் தரம் கேட்டனான்" என்று இவரிடம் சொன்னேன்.

"எங்கை போனனீங்கள் எண்டு கேட்டனீர். எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை."

நல்ல பதில்தான். ஆனால் அதை நான் இன்றுவரை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால், "ம், பறவாயில்லை" என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கு இவரைத் தெரியும்.

திரும்பிப் போகவும் வழியில்லை. கீழே ஆறு, மேலே மலை. இவர்கள் இருவருக்கும் முன்னால் நடக்கத் தொடங்கினேன். சாந்தா ரோசா என்ற நாலு வீட்டுக் கிராமத்தில் ஒரு பெண் கரும்புச்சாறு விற்றாள். ஒரு கோப்பையை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இவர்கள் வந்து சேர முன்னர் எழும்பி நடந்தேன். அன்று பின்னேரம் மலையின் விளிம்பில் இருந்த மரம்பட்டா முகாமுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவள் நான். வழிகாட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாவம், அது என் கால் செய்த வேலை அல்ல என்று அவருக்குத் தெரியாது.

*

மூன்றாம் நாள் இடிபாடுகளுக்குப் போனோம். பெரிய புல்வெளி, அதைச் சுற்றிக் கூரையில்லாத கல் வீடுகள், தண்ணீர் ஓடிய வாய்க்கால்கள். எங்களைத் தவிர வேறு ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். பெரும்பகுதி இன்னும் காட்டுக்குள் மூடிக் கிடக்கிறது என்றார் வழிகாட்டி. ஸ்பானியர்கள் நாட்டைப் பிடித்த பிறகு, மிஞ்சிய இன்கா மக்களில் ஒரு பகுதியினர் இந்த மலைகளுக்குள்தான் ஒதுங்கியிருந்தார்களாம்.

மலையின் மறுபக்கத்தில் படிக்கட்டு வயல்கள் கீழே கீழே இறங்கின. கறுத்த கல்லால் கட்டிய சுவர்களுக்குள் வெள்ளைக் கற்களைப் பதித்து லாமாக்களின் உருவங்கள் செய்திருந்தார்கள். அவற்றைப் பார்க்கச் செங்குத்தான ஒடுங்கிய படிகளில் இறங்க வேண்டும். பிடிக்க ஒன்றும் இல்லை. மகள் குதித்துக் குதித்துப் போய்விட்டாள். நான் ஒவ்வொரு படியாகக் குந்திக் குந்தி இறங்கினேன். இவர் எனக்கு ஒரு படி கீழே, எனக்கு முதுகு காட்டி இறங்கினார். நான் விழுந்தால் இவர் மேல்தான் விழுவேன். அதை யோசித்துத்தான் அப்படிப் போகிறார் என்று விளங்கியது. விளங்கியும் நான் பேசவில்லை.

கீழ்ப்படியில் இருந்து பார்த்தோம். வெள்ளை லாமாக்கள் வரிசையாக மலையேறின. சிலவற்றின் பக்கத்தில் குட்டிகள். அங்கேதான் விசாரணையைத் தொடங்கினேன்.

"மழை நாளில எங்கை நிண்டனீங்கள்?"

"பாலத்துக்குக் கீழ. இல்லாட்டி லைப்ரரி."

"எந்த லைப்ரரி?"

சொன்னார்.

"எங்கை ஒண்டுக்குப் போனனீங்கள்?"

"டிம் ஹோர்ட்டன்ஸில. ஒரு கோப்பி வாங்கினா ஒண்டும் சொல்லமாட்டாங்கள்."

"ஆரோடையாவது கதைச்சனீங்களோ?"

"ஒரு கிழவன் இருக்கிறார். போர்த்துக்கீசர். நாயோடை வருவார். அவர்தான் இந்தச் சப்பாத்து முடிச்சுக் காட்டித் தந்தவர். முந்தி மலையேறினவராம்."

"யூடியூப் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்" என்றார். "பொய்."

எட்டு மாதத்தில் இவர் எனக்கு நேரே ஒத்துக்கொண்ட முதல் பொய் அதுதான். சின்னப் பொய். தொடர்ந்து கேட்டேன். ஜனவரியில் கை விறைத்தால் என்ன செய்தீர்கள், வேலை தேடினீர்களா, எத்தனை இடம், ஏன் கிடைக்கவில்லை. இவர் ஒவ்வொன்றுக்கும் முதலில் "ம்" போட்டுவிட்டுப் பதில் சொன்னார். ஐந்து இடத்தில் வயதைப் பார்த்துவிட்டு அனுப்பினார்களாம். ஒரு நாள் உறைந்திருந்த ஓடையில் கால் வழுக்கி விழுந்து, எழும்ப மனமில்லாமல் கன நேரம் அப்படியே கிடந்தாராம். அதைச் சொல்லும்போது லாமாக்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கன நேரமெண்டா?"

"தெரியேல்லை. அந்தக் கிழவன்ரை நாய் வந்து மோந்து பாத்தது. எழும்பீட்டன்."

அவ்வளவு காலமும் நான் தேடிக்கொண்டிருந்தது ஒரு பெண்ணை. ஒரு பெண்ணாக இருந்திருந்தால் எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியும்.

திரும்பும் வழியில், ஐந்தாம் நாள் காலை, கடைசி ஏற்றத்தில் என் வலது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. கழுதையில் ஏறச் சொன்னார்கள். கழுதை நடக்கும் விளிம்பைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்றேன். வழிகாட்டி தலையில் கை வைத்தார். இவர் என் பையை வாங்கித் தன் தோளில் போட்டார்.

"நாப்பது அடி வையும். பிறகு நில்லும். பத்து மூச்சு. திருப்பி நாப்பது."

"நாப்பது அடி எனக்கு ஏலாது."

"அப்ப முப்பது."

முப்பது வைத்தேன். நின்றேன். மூச்சை இவர் எண்ணினார். எட்டிலேயே பத்து என்று சொல்லி ஏமாற்றுகிறாரோ என்று நானும் மனதுக்குள் எண்ணினேன். சரியாகப் பத்து. மகள் எங்களுக்குப் பின்னால், என் கைத்தடி வழுக்கும் ஒவ்வொரு தரமும் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். மத்தியானம் ஒரு மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். எங்களுக்காக வான் வண்டி காத்து நின்றது. நான் மண்ணிலேயே இருந்துவிட்டேன். மகளும் பக்கத்தில் வந்து இருந்தாள். அவளுடைய தலையை இழுத்து என் தோளில் வைத்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அதற்கு இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

*

கோடை முடிய இவருக்கு ஒரு பாடசாலையில் பராமரிப்பு வேலை கிடைத்தது. விடியப் போய்க் கதவுகளைத் திறந்து, விளக்குகளைப் போட்டு, நடைபாதைகளைத் துடைக்கிற வேலை. நேர்முகத்தில் கேட்டார்களாம், நாள் முழுக்க நடக்க ஏலுமா என்று. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வேலைக் கடிதத்தைக் காட்டுங்கோ என்றேன். காட்டினார்.

முதல் நாள் ஐந்தரைக்கு இவர் வெளிக்கிட்டதும், நானும் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். இவர் காரில் போனார். நான் பஸ் எடுத்தேன். பாடசாலைக்கு எதிரே இருந்த பஸ் தரிப்பிடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். இவருடைய கார் தரிப்பிடத்தில் நின்றது. கட்டடத்துக்குள் விளக்குகள் ஒவ்வொரு வகுப்பாக எரிந்துகொண்டு வந்தன. கடைசி யன்னலும் வெளிச்சமானதும் பக்கத்துக் கதவு திறந்தது. இவர் குப்பைத் தொட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

என்னைக் கண்டுவிட்டார். தொட்டியை விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். என் கைப்பைக்குள் மணி அடித்தது.

"உள்ளுக்கு வந்து பாக்கப் போறீரோ?"

"வேண்டாம். பாத்திட்டன்."

"நாளைக்கும் வருவீரோ?"

பஸ் வந்துகொண்டிருந்தது. "தெரியேல்லை" என்றேன்.